இறுகிடுச்சு

பூட்டண்ணனுக்கு அந்தப் பேர் சும்மா வரவில்லை. வீட்டைப் பூட்டினால் பூட்டைப் பிடித்துத் தொங்கிப் பார்ப்பார். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு தரம் தொங்குவார். "அண்ணே, கதவே பேந்து வந்துடப் போகுது" என்று எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் விளையாட்டாகச் சொல்லப்போக, இந்த ஆளுக்கு என் கதவு மேல என்ன அக்கறை என்று ரொம்ப நாள் அவரை முறைத்துக்கொண்டு திரிந்தார். அவர் கையிலிருந்து எது விழுந்தாலும் அவர் கை போட்டதில்லை. யாரோ தட்டிவிட்டார்கள், இல்லையென்றால் யாரோ அதில் எண்ணெய் தடவி வைத்திருந்தார்கள். இப்படி ஒரு மனுஷனோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணின அவர் பெண்டாட்டிக்குத்தான் மாலை போடவேண்டும்.

அவரிடம் மூக்கு நீண்ட பழைய டெம்போ ஒன்று இருந்தது. பொரிப்பகத்தில் அன்றன்றைக்குப் பொரித்த கோழிக்குஞ்சுகளை ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிகளில் ஏற்றி, தூரத்துக் கொட்டகைகளில் கொண்டுபோய்ச் சேர்ப்பது பிழைப்பு. அவர் ஓட்டுவார். தம்பி ஏற்றி இறக்குவான். பெண்டாட்டி குஞ்சுகளைப் பார்த்துக்கொள்வாள். வண்டி ஓடுகிற வரைக்கும் கவலையில்லை. காற்று ஓட்டை வழியாகப் போய்வரும், குஞ்சுகள் ஓயாமல் கத்திக்கொண்டே வரும். வண்டி நின்றால்தான் ஆபத்து. வெயிலில் நின்ற வண்டிக்குள் குஞ்சுகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்க ஆரம்பித்தால், அப்புறம் பெட்டி பெட்டியாகப் போய்விடும்.

அன்றைக்கு அந்த வண்டிதான் நடுப்பொட்டலில் நின்றது. மேடு ஏறி முடித்து, இறக்கம் ஆரம்பிக்கிற இடம். இரண்டு பக்கமும் கல்லும் முள்ளும்தான். முன்மூடியின் இடுக்கிலிருந்து ஆவி புஸ்ஸென்று கிளம்பிக் கண்ணாடியை மறைத்தது. தம்பி போனை எடுத்துப் பார்த்தான். சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

"நெனச்சேன்," என்றார் பூட்டண்ணன், ஸ்டியரிங்கை விடாமல். "நெனச்ச மாதிரியே செஞ்சுட்டீங்க."

"யாரு என்னத்தச் செஞ்சா?" என்றாள் பெண்டாட்டி.

"அது செஞ்சவங்களுக்குத் தெரியும்."

சந்தேகம் கொஞ்ச நாளாகவே புகைந்துகொண்டிருந்தது. முதலில் அவர் கண்ணில் பட்டது சக்கர நட்டு. காற்று இருக்கிறதா என்று டயரைத் தட்டக் குனிந்தவர், நட்டின் ஓரத்தில் சிவப்பாக ஒரு புள்ளியைப் பார்த்தார். பக்கத்து நட்டிலும் ஒன்று. முன்மூடியைத் தூக்கினால் பேட்டரி முனையில் ஒன்று, பெல்ட்டைத் தாங்கும் போல்ட்டில் ஒன்று. நகத்தால் சுரண்டினார், போகவில்லை. அவர் வைக்காத அடையாளம் அவர் வண்டிக்கு எப்படி வந்தது? எதைக் கழற்றலாம் என்று திருடன்தான் அடையாளம் வைப்பான். வெளியாள் என்றால் நாய் குரைத்திருக்கும். நாய் குரைக்கவில்லை. அப்படியென்றால் வீட்டாள்.

பெண்டாட்டி துணி காயப்போடப் போன நேரத்தில் அவள் கைப்பையைத் துழாவினார். சீப்பு, மாத்திரை அட்டை, சில்லறை. அடியில் சின்ன நெயில் பாலிஷ் சீசா. சிவப்பு. அவள் பிறந்ததிலிருந்து நகத்துக்குச் சாயம் பூசினவள் இல்லை. குஞ்சுப் பெட்டி கழுவுகிற கையில் அது நிற்கவா போகிறது? அன்றைக்குச் சாப்பாடு போட்ட கையையே உற்றுப் பார்த்தார். வெறும் நகம்.

அதற்கப்புறம் அந்தப் பேச்சு காதில் விழுந்தது. அவர் குளிக்கப் போயிருந்தார். அடுப்படியில் பெண்டாட்டியும் தம்பியும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் எத்தன நாளைக்கு அவருக்குத் தெரியாமப் பண்ணுறது அண்ணி?"

"கொஞ்சம் பொறு தம்பி. நேரம் பாத்து நானே சொல்றேன். அப்புறம் வண்டிய நீ எடுத்துக்கோ."

பூட்டண்ணன் சோப்பு நுரையோடு அப்படியே நின்றார். தோளில் தூக்கிச் சுமந்து வளர்த்த தம்பி. கூடப் படுத்து எழுந்த பெண்டாட்டி. வண்டி போனால் அவருக்கு என்ன மிச்சம் இருக்கிறது? ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கிற வரைக்கும்தான் அவர் பூட்டண்ணன், இறங்கிவிட்டால் வீட்டு வாசலில் செருப்பைக் காவல் காக்கிற ஆள். அது வேதனையாக இருந்தது. அதைவிட, யாரிடமும் சொல்ல முடியாதது பெரிய வேதனையாக இருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் ரேடியேட்டருக்குப் புது ஹோஸ் மாட்டினார். "நான் மாட்டுறேண்ணே" என்று வந்த தம்பியை "உன் வேலையப் பாரு" என்று விரட்டினார். ஹோஸின் வாயில் க்ளிப்பைப் போட்டு ஸ்க்ரூ டிரைவரால் முறுக்கி, "இறுகிடுச்சு" என்று சொல்லி ஒரு தட்டு தட்டினார். எதை முறுக்கினாலும் கடைசியில் இந்தச் சொல்லும் தட்டும் உண்டு. சொன்னால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். அதோடு விடாமல், முன்மூடியைச் சாத்தி, பம்பரோடு சேர்த்துச் சங்கிலி சுற்றி, புதுப் பூட்டு ஒன்றை அழுத்தி மாட்டினார். சாவி இடுப்புக்குப் போனது. இனிமேல் எவன் கை வைக்கிறான் பார்க்கலாம்.

காலையில் பெட்டிகளை ஏற்றியதும் பெண்டாட்டி பூட்டைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், அப்புறம் இவரைப் பார்த்தாள்.

"என்னங்க, மூடியத் தெறந்து ஒருதரம் பாத்துட்டுக் கெளம்பலாமா?"

"ஏன், உள்ள எதாச்சும் விட்டு வெச்சிருக்கியா?"

அவள் ஏறி உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியது. இப்போது இங்கே வந்து நிற்கிறது.

பூட்டண்ணன் இறங்கிப் போய்ச் சாவியைப் பூட்டில் விட்டுத் திருப்பினார். திரும்பவில்லை. மறுபடியும் திருப்பினார். விரல் வழுக்கிக்கொண்டு போனதே தவிர சாவி அசையவில்லை.

"பாத்தியா! பூட்டுக்குள்ள என்னமோ விட்டுருக்காங்க. நேத்து வாங்கின பூட்டு இது!"

"குடுங்கண்ணே," என்று தம்பி சாவியை வாங்கி ஒரு திருப்புத் திருப்பினான். பூட்டு டக்கென்று திறந்துகொண்டது. உனக்கு மட்டும் எப்படிடா திறக்குது என்று கேட்க வாயெடுத்தார். மூடியைத் தூக்கினதும் ஆவி முகத்தில் அடித்ததால் கேட்கவில்லை.

மேல் ஹோஸ் கழன்று, ஃபேன் இறக்கையில் மாட்டி, வாய் கிழிந்து தொங்கியது. க்ளிப்பைக் காணோம். ரேடியேட்டரில் மருந்துக்கும் தண்ணீர் இல்லை.

"நானே என் கையால இறுக்கினேன். யாரும் தளத்தாம இது எப்படிக் கழலும்?"

"பூட்டித்தானே வெச்சிருந்தீங்க," என்றாள் பெண்டாட்டி.

"பூட்டுக்கு மூணு சாவி குடுப்பான். என்கிட்ட ரெண்டுதான் இருக்கு."

"அந்தப் பூட்டுக்கு ரெண்டுதாங்க குடுப்பான்."

"ஓ, அதுவும் உனக்குத் தெரியுமா?"

அவள் பின்கதவைத் திறந்து முதல் பெட்டியைத் தூக்கினாள். தம்பி ஓடிவந்து கை கொடுத்தான். வண்டியின் நிழல் விழுந்த பக்கம் பெட்டிகளை இறக்கி, ஒன்றுக்கும் ஒன்றுக்கும் இடையில் கைவிட இடம் விட்டு அடுக்கினார்கள். அவள் மூடிகளைப் பாதி திறந்து வைத்தாள். உள்ளே மஞ்சள் மஞ்சளாகக் குஞ்சுகள் நெருக்கியடித்துக்கொண்டு கத்தின. ஓரத்துப் பெட்டியில் சத்தம் குறைந்திருந்தது. அவள் அதற்குள் கையை விட்டுக் குஞ்சுகளைப் பிரித்துவிட்டு, அட்டை மூடியால் விசிற ஆரம்பித்தாள்.

தம்பி க்ளிப்பைத் தேடி மேட்டின் பக்கம் நடந்தான். ரோட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டே ரொம்ப தூரம் போய், வெறுங்கையோடு வந்தான்.

"இல்லண்ணே. ஏறும்போதே எங்கயோ விழுந்திருக்கும்."

"தேடினியா, இல்ல நடந்துட்டு வந்தியா?"

தம்பி சீட்டுக்கு அடியில் கையை விட்டான். ஒரு துணிப்பை வந்தது. பைக்குள்ளிருந்து கட்டுக்கம்பிச் சுருள், கட்டிங் பிளேயர், கத்தி, அகலமாகக் கத்தரித்த சைக்கிள் டியூப் ரப்பர் என்று வரிசையாக வெளியே வந்தன. பெண்டாட்டி இந்தப் பக்கம் சீட்டுக்குப் பின்னாலிருந்து தண்ணீர்க் கேனை இழுத்தாள். ஒரு கேன் எப்போதும் உண்டு. இன்றைக்கு இரண்டு கேன்.

பூட்டண்ணனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இதற்குமேல் சாட்சி வேறு வேண்டுமா? வண்டி நிற்கும் என்று தெரியாதவர்கள் கேனும் கம்பியும் கட்டிக்கொண்டு கிளம்புவார்களா?

"இது எப்ப வண்டிக்குள்ள வந்தது?"

"காலையில போட்டேண்ணே."

"ஏன் போட்ட?"

"ஒரு பாதுகாப்புக்கு."

"அந்த ரெண்டாவது கேனு?"

"வெயிலா இருக்கேன்னு எடுத்து வெச்சேன்," என்றாள் பெண்டாட்டி, பெட்டியைப் பார்த்துக்கொண்டே.

"வெயிலு இன்னிக்குத்தான் புதுசா அடிக்குதா?"

அந்த நேரம் பார்த்துக் கல் ஏற்றின டிராக்டர் ஒன்று மேடு ஏறி வந்தது. ஓட்டி வந்தவர் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்தார். "என்னப்பா, வாயில்லா ஜீவனை வெச்சுக்கிட்டு நிக்கறீங்க? கயிறு இருக்கு, கட்டி இழுத்துட்டுப் போய் ஒர்க்ஷாப்புல விட்டுடறேன்."

தம்பி முகம் மலர்ந்தது. பூட்டண்ணன் குறுக்கே வந்தார்.

"வேண்டாங்க. நாங்களே பாத்துக்குறோம்."

"அண்ணே..."

"சும்மா இருடா. சொல்லி வெச்ச மாதிரி இந்த நேரத்துக்கு டிராக்டர் எங்கேர்ந்து வரும்? ஒர்க்ஷாப்பு யாரோடது?"

டிராக்டர்க்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "என் பெரியப்பா மவனோடதுதான்னு வெச்சுக்கய்யா," என்று சொல்லி கியரைப் போட்டுப் போய்விட்டார். ரோடு மறுபடியும் காலியானது.

பெண்டாட்டி விசிறுவதை நிறுத்தவில்லை. "ஊசி போறதப் பாப்பாராம், ஒலக்க போறதப் பாக்க மாட்டாராம்," என்று குஞ்சுகளிடம் சொன்னாள். ஓரத்துப் பெட்டியிலிருந்து ஏழெட்டுக் குஞ்சுகளை எடுத்துத் தனியே ஒரு சாக்கில் வைத்திருந்தாள். அவை கத்தவில்லை.

இன்ஜின் சூடு கொஞ்சம் தணிந்ததும் தம்பி ஹோஸின் கிழிந்த வாயைக் கத்தியால் வட்டமாக நறுக்கி எறிந்தான். நீளம் குறைந்துவிட்டதால் மறுமுனையை இளக்கி இழுத்து, ரேடியேட்டரின் மூக்கில் இந்தப் பக்கத்தைத் திணித்தான். அதன்மேல் டியூப் ரப்பரை இழுத்து இழுத்துச் சுற்றினான். சுற்றுக்குச் சுற்று இழுவை இருந்தால்தான் ரப்பர் கவ்வும். கடைசியில் கட்டுக்கம்பியை இரட்டையாக வளைத்துப் போட்டு, கட்டிங் பிளேயரை எடுத்தான்.

"குடு அத," என்றார் பூட்டண்ணன். "நீ முறுக்கினா இன்னொரு மேட்டுல கழட்டிவிட மாட்டேன்னு என்ன நிச்சயம்?"

தம்பி அண்ணியைப் பார்த்தான். அவள் கொடுக்க வேண்டாம் என்று தலையாட்டினாள். அவர் அதையும் பார்த்துவிட்டார். பிளேயரைப் பிடுங்கினார். கம்பியின் இரண்டு முனையையும் கவ்வி முறுக்கினார். கழுத்து நரம்பு புடைத்தது, நெற்றியில் வேர்வை ஓடியது. முறுக்கிவிட்டு ஒரு தட்டு தட்டினார்.

"இறுகிடுச்சு. ஊத்து."

"அண்ணி ஒருதரம் பாத்துடட்டும்ணே."

"இறுகிடுச்சுன்னு சொல்றேன்ல? ஊத்துடா!"

தம்பி கேனைக் கவிழ்த்தான். தண்ணீர் களகளவென்று உள்ளே போனது. நிரம்புகிற நேரத்தில் ஹோஸின் வாய் நகர்ந்து, கம்பிக்கு அடியிலிருந்து தண்ணீர் பீச்சியடித்தது. "ஐயோ, ஐயோ" என்று தம்பி கையால் பொத்தினான். விரலிடுக்கு வழியாக ஓடி, இன்ஜினில் பட்டுப் பொரிந்து, மண்ணில் இறங்கியது. ஒரு கேன் தண்ணீர். மண் கறுத்தது, அப்புறம் அதுவும் காய ஆரம்பித்தது.

குஞ்சுகள் மட்டும் கத்தின.

பெண்டாட்டி எழுந்து வந்தாள். அவர் கையிலிருந்து பிளேயரை வாங்கினாள். பிடுங்கவில்லை, சாப்பிட்ட தட்டை வாங்குகிற மாதிரி வாங்கினாள். கம்பி முனையைக் கவ்வி ஒரு சுற்று, இன்னொரு சுற்று, இன்னொன்று. அவர் இறுகிடுச்சு என்று சொன்ன கம்பி அவள் கைக்குச் சுற்றிக்கொண்டே போனது. ரப்பருக்குள் அது பதிகிற வரைக்கும் முறுக்கி, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். பிறகு, என்ன செய்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல், தன் கைப்பையிலிருந்து சிவப்புச் சீசாவை எடுத்துத் திறந்து, முறுக்கின இடத்தில் ஒரு புள்ளி வைத்தாள்.

வைத்த பிறகுதான் அவர் பார்த்துக்கொண்டிருப்பது உறைத்தது. கை அப்படியே நின்றது.

"அப்ப நீதானா?" என்றார்.

"நாந்தான்."

"யாருக்கு அடையாளம் வெச்ச?"

"எனக்குத்தான். எத இறுக்கினேன், எத இறுக்கலன்னு எனக்கு மறந்துடுது. நீங்க குளிக்கப் போற நேரத்துலதான் பாக்க முடியும். அவசரத்துல எதையாச்சும் விட்டுட்டா? அதான் இறுக்கினதுக்கெல்லாம் புள்ளி வெச்சேன்."

"நான் இறுக்கினத நீ ஏன் இறுக்குற?"

தம்பிதான் சொன்னான், தரையைப் பார்த்துக்கொண்டு. "அண்ணே, அன்னிக்கு நீங்க முறுக்கின சக்கர நட்டு என் விரல்லயே சுத்துச்சுண்ணே. நான் அண்ணிகிட்டச் சொன்னேன். அப்புறம் ஒவ்வொண்ணா பாத்தோம். நீங்க இறுக்கினது எதுவுமே..."

"போதும் தம்பி," என்றாள் அவள்.

"எதுவுமே என்ன?"

"கையில பலம் இல்லைங்க உங்களுக்கு," என்றாள். "கொஞ்ச நாளாவே இல்ல. டீ கிளாசு விழுந்தா கடைக்காரன் எண்ணெய்க் கையால குடுத்தான்னீங்க. சட்டைப் பித்தான் போட முடியலன்னா தையக்காரன் ஓட்டையச் சின்னதா வெச்சான்னீங்க. வண்டிச் சாவியில கட்டை கட்டிக் குடுத்தேனே, எதுக்குன்னு நெனச்சீங்க?"

"தொலையாம இருக்கறதுக்குன்னு சொன்ன."

"திருப்ப வசதியா இருக்கும்னு கட்டினேன்."

பூட்டண்ணன் தன் வலது கையைப் பார்த்தார். அதே கைதான். ரேகை இடுக்கெல்லாம் கிரீஸ். சற்று முன்னால் கம்பியை முறுக்கும்போது, இறுகுகிற உணர்வு தோள் வரைக்கும் வந்ததே! அந்த உணர்வு பொய் என்றால் இனி எதைத்தான் நம்புவது? எதிர்வீட்டுக்காரர், டீக்கடைக்காரர், தையற்காரர், தம்பி, பெண்டாட்டி என்று ஊரையே சந்தேகப்பட்ட மனுஷன் இந்தக் கையை மட்டும் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

"எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"சொன்னா? யாரோ சோத்துல என்னத்தையோ கலந்துட்டாங்கன்னு சொல்லியிருப்பீங்க. சோறு போடுறவ நாந்தானே?"

அப்படித்தான் சொல்லியிருப்பார்.

"அப்ப இன்னிக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

"நேத்து ஹோஸ் மாட்டினது தெரியும். காலையில பாக்கலாம்னா பூட்டு தொங்குது. சாவி உங்க இடுப்புல," என்றாள். "கேக்கவும் கேட்டேன். வேற என்ன பண்ண? தண்ணிய எடுத்து வெச்சேன். தம்பி கம்பியும் ரப்பரும் எடுத்து வெச்சான். வர்ற வழியெல்லாம் உயிரக் கையில புடிச்சிக்கிட்டு வந்தோம்."

பம்பரில் சங்கிலி தொங்கிக்கொண்டிருந்தது. பூட்டு திறந்த வாயோடு அதில் ஆடியது. தன் வண்டியைத் தானே பூட்டி, தானே நடுரோட்டில் நிறுத்திக்கொண்டது அவருக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. அவமானமாக இருந்தது. சாக்கின்மேல் கிடந்த குஞ்சுகளைப் பார்த்தார், சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டாவது கேனைத் தம்பி ஊற்றினான். ஒழுகவில்லை. ரேடியேட்டர் இன்னும் கேட்டது. அவர்கள் குடிக்க வைத்திருந்த பாட்டில் தண்ணீரையும் ஊற்றினார்கள். பெட்டிகள் மேல் போட ஒரு சாக்கை நனைக்கக்கூட மிச்சமில்லை. "ரேடியேட்டர் மூடிய முழுசா இறுக்க வேண்டாம் அண்ணி, அழுத்தம் ஏறினா கம்பி தாங்காது," என்றான் தம்பி. பெட்டிகளை ஏற்றினார்கள். அவரும் தூக்கினார். இரண்டு உள்ளங்கையையும் அடியில் கொடுத்து, நெஞ்சோடு அணைத்துத் தூக்கினார். அப்படித் தூக்கினால் விழவில்லை.

ஓட்டுகிற பக்கத்துக் கதவருகே வந்து நின்றார். தம்பி அந்தப் பக்கமே வராமல் பின்னால் ஏறப் போனான். பூட்டண்ணன் கட்டை கட்டின சாவியை எடுத்து அவன் பக்கம் நீட்டினார்.

"மெதுவா ஓட்டு. சூடு ஏறினா நிறுத்து."

"நீங்களே ஓட்டுங்கண்ணே..."

"புடிடா. கை வலிக்குது."

வலி இல்லை. அது மூன்று பேருக்கும் தெரியும்.

வண்டி கிளம்பியது. காற்று வந்ததும் குஞ்சுகளின் சத்தம் கூடியது. ஒரே நாளில் மனுஷன் மாறிவிடுவானா என்ன? வழியெல்லாம் பூட்டண்ணன் தம்பியின் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். "கிளட்ச்ச அமுத்திக்கிட்டே இருக்காத." "அந்தக் குழி உன் கண்ணுக்குத் தெரியலையா?" "ஆரன எதுக்குடா அடிக்கிற, யாருக்கு சிக்னல் குடுக்குற?" கடைசிக் கேள்விக்குப் பெண்டாட்டி சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை, ஆனால் அதற்கப்புறம் கேட்கவில்லை.

கொட்டகைக்காரர் வாசலிலேயே நின்றிருந்தார். பெட்டிகளைத் திறந்து பார்த்து முகம் சுளித்தார், செத்ததை ஒதுக்கினார், நல்லதை உள்ளே விட்டார். நல்லதுதான் அதிகம். விளக்குச் சூட்டுக்கு அடியில் குஞ்சுகள் தீவனத்தைக் கொத்துவதைப் பெண்டாட்டி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்தாள். தண்ணீர் மோட்டாரின் பழைய குழாயில் கிடந்த க்ளிப் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தாள்.

முன்மூடி திறந்திருந்தது. பூட்டண்ணன் தம்பி கையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை வாங்கினார். கட்டுக்கம்பியை எடுத்துவிட்டு, க்ளிப்பை ஹோஸில் போட்டு முறுக்கினார். ரொம்ப நேரம் முறுக்கினார். தட்டுவதற்குக் கை போனது. தட்டவில்லை. ஒதுங்கி வழிவிட்டார்.

"இறுகிடுச்சா பாரு."

அவள் ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் திருப்பினாள். திரும்பியது. பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் அவருடைய முகத்தைப் பார்த்தாள்.

"இல்லைங்க," என்றாள்.

"இறுக்கு."

அவள் இறுக்கினாள். அவர் அவளுடைய பையில் தானே கையை விட்டு, அந்தச் சிவப்புச் சீசாவை எடுத்தார். மூடியைப் பிடித்துத் திருகினார். வரவில்லை. சட்டை நுனியால் பிடித்துத் திருகினார். அப்போதும் வரவில்லை. இதை எவன் இப்படி முறுக்கி வைத்தது என்று கேட்க அவருக்கு வாய் திறந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டு, சீசாவை அவளிடம் நீட்டினார்.

"தெறந்து குடு," என்றார்.